நான்கு மாதமாகியும் உடம்பு மாறவில்லை என்றால் எந்தப் பொடியை மாற்றுவது?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். வயது 43, எடை 72 கிலோ. நான்கு மாதமாக வாரம் மூன்று நாள், மாலை ஏழு மணிக்கு எடைப்பயிற்சி. புரதப் பொடி, கிரியேட்டின், பிசிஏஏ என்ற அமினோ அமிலப் பொடி, பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் பொடி, டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று எழுதிய மாத்திரை, ஆக மொத்தம் ஐந்து டப்பாக்கள். இரவுத் தூக்கம் சரியில்லை. கண்ணாடியில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மனம் விட்டுப்போய்க் கடைசி இரண்டு வாரம் போகவே இல்லை. ‘இந்த ஐந்தில் எதை மாற்ற வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்கு அடியில் ‘என் உடம்புக்கு இது ஏறாதா?’ என்ற கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன், டப்பாக்களுக்குப் பிறகு வருகிறேன். நான் இயன்முறை மருத்துவம் படித்தவன். 17 ஆண்டுகளாக எடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்து வருகிறேன். மருந்து எழுதும் மருத்துவன் அல்ல, நீங்கள் தூக்குவதை நேரில் பார்த்தவனும் அல்ல. ஆகவே எது உறுதியானது, எது இன்னும் முடிவாகாதது என்று பிரித்தே சொல்கிறேன்.

கேள்வியோடு உங்கள் பயிற்சிக் குறிப்பையும் சேர்த்து எழுதியிருந்தது மிகவும் நல்லதாகப் போயிற்று. நீங்கள் தேடும் பதில் அதில்தான் இருக்கிறது. ஆறாவது வாரத்தில் பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பார்பெல் என்ற எடைக்கம்பியை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) 40 கிலோ: 10, 10, 10, அதாவது பத்துப் பத்து முறையாக மூன்று செட் (சுற்று). பதினான்காவது வாரத்திலும் 40 கிலோ: 10, 10, 10. ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 50 கிலோ, அதுவும் அப்படியே. முதல் ஐந்து வாரத்தில் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, அதற்குப் பிறகு கோடு போட்டதுபோல நின்றுவிட்டது. ஒரு சுமைக்குப் பழகிவிட்ட தசைக்கு அதே சுமையை மீண்டும் மீண்டும் கொடுத்தால், அது வளர வேண்டிய தேவை எங்கிருந்து வரும்? 1940களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களின் கால் தசைகளை மீட்டெடுக்க வழி தேடினார். லேசான எடையைப் பலமுறை அசைக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, கனமான எடையைக் கொடுத்து, வலிமை ஏற ஏற எடையையும் கூட்டிக்கொண்டே போனார். வீரர்கள் வேகமாகத் தேறினார்கள். அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் பல நம்பிக்கைகளைத் தலைகீழாக்கியிருக்கின்றன, ஆனால் சுமை படிப்படியாக ஏற வேண்டும் என்ற இந்த ஒன்று அசையவில்லை. உறுதியானவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அந்தப் பத்தாவது முறை எப்படி இருந்தது என்று சற்று நினைத்துப் பாருங்கள். பார்பெல் மார்பைத் தொட்டுவிட்டு முதல் முறை ஏறிய அதே வேகத்தில்தான் பத்தாவது முறையும் ஏறியதா? அப்படியானால் அந்த செட் முடியவில்லை, நீங்கள் எண்ணுவதை நிறுத்தியிருக்கிறீர்கள். தசை களைப்பின் விளிம்புக்கு வரும்போது, எவ்வளவு வேகமாகத் தள்ள முயன்றாலும் பார்பெல் தானாக மெதுவாகிவிடும். பாதி உயரத்தில் ஒரு கணம் நின்றுபோவது போலத் தோன்றி, பிறகு நகரும். அந்த மந்தம் தொடங்கினால் இன்னும் இரண்டு மூன்று முறைதான் பாக்கி என்று பொருள். பலர் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. 160 ஆண்களிடம், பெஞ்ச் பிரஸில் பத்து முறைக்கு வழக்கமாகப் போடும் எடையைப் போட்டு முடிந்த மட்டும் தூக்கச் சொன்ன ஓர் ஆய்வு உண்டு. சராசரியாக 16 முறை தூக்கினார்கள். தாங்கள் கடினமாக உழைப்பதாக மனதார நம்பியவர்கள் அவர்கள். என்னிடம் வருபவர்களிடமும் முதல் மாதத்தில் இதையே பார்க்கிறேன். இது சோம்பல் அல்ல; ‘பத்து’ என்று சீட்டில் எழுதியிருந்தால் கை பத்தில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த நான்கு வாரத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு முறை என்று ஓர் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்றிலிருந்து மூன்று முறைதான் முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் பன்னிரண்டு எட்டியதும் 2.5 கிலோ கூட்டுங்கள். எண்ணிக்கை எட்டு, ஒன்பதுக்கு இறங்கும், மறுபடியும் ஏறுங்கள். இனி ஒரு முறைகூடத் தூக்க முடியாமல் போகும்வரை போராடத் தேவையில்லை. அது களைப்பைக் கூட்டும் அளவுக்குப் பலனைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. பெஞ்ச் பிரஸில் மட்டும், பாதுகாப்புக் கம்பிகளோ தலைமாட்டில் ஒரு ஆளோ இல்லாமல் இந்த விளிம்புக்குப் போகாதீர்கள்.

எந்த எடை, எத்தனை செட், வாரத்தில் எத்தனை நாள் என்று மற்றவர்கள் பின்னூட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். ஓரளவு தெளிவானது இது. தசையின் பருமனுக்கு எடை கனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் ஒரே முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 30 சதவீதத்தை எடுத்தாலும், களைப்பின் விளிம்புவரை போனால் கனமான எடைக்கு நிகரான வளர்ச்சி வருகிறது. வலிமைக்கு அப்படி அல்ல, கனமாகத் தூக்கிப் பழகியவர்தான் கனமாகத் தூக்குவார். ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்து செட்டோ அதற்குச் சற்று மேலோ செய்தவர்களுக்கு, ஐந்துக்கும் குறைவாகச் செய்தவர்களைவிட நல்ல வளர்ச்சி இருந்ததாக, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அதற்கும் மேலே எங்கே பலன் நிற்கிறது, இருபதிலா முப்பதிலா என்பது முடிவாகாத விஷயம். உங்கள் குறிப்பில் மார்புக்கு வாரம் ஒன்பது செட் வருகிறது, அது போதும். கூட்ட வேண்டியது செட்டை அல்ல, ஒவ்வொரு செட்டுக்குள்ளும் இருக்கும் உழைப்பை.

இனி கண்ணாடி. முதல் சில வாரங்களில் ஏறும் வலிமையில் பெரும்பங்கு தசை பெருத்ததால் வருவதல்ல. ஏற்கெனவே இருக்கும் தசையை நரம்பு மண்டலம் திறமாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. 1979இலேயே மொரிடானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். அதாவது முதல் ஐந்து வாரத்தில் உங்கள் எண்கள் ஏறியது நரம்பின் பாடம். தசை வளர வேண்டிய பருவம் அதற்குப் பிறகு. சரியாக அந்த நேரத்தில் சுமை நின்றுபோயிருக்கிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான். உடம்பு ஏற மறுக்கவில்லை, ஏணியின் அடுத்த படி அதற்கு வைக்கப்படவில்லை.

ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டா என்றால், நிச்சயம் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. 2005இல் 585 பேருக்கு 12 வாரம் ஒரே மாதிரியான கைப்பயிற்சி கொடுத்து அளந்தார்கள். ஒரு முனையில் தசையின் அளவு 2 சதவீதம் குறைந்தவர், மறுமுனையில் 59 சதவீதம் கூடியவர். பெரும்பாலோர் இடையில். நீங்கள் அந்த வரிசையில் எங்கே இருக்கிறீர்கள் என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒழுங்காகச் சுமை ஏற்றிய ஆறு மாதம் இன்னும் உங்களுக்கு நடக்கவே இல்லை. வயதைக் காரணம் சொல்லவும் இடமில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய, உடல் தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர். முடிவு 1990இல் வெளியாயிற்று. வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது, தொடையின் நடுவில் தசைப் பரப்பு 9 சதவீதம் விரிந்திருந்தது. 43 வயதில் கதவு மூடிவிட்டதா என்று கேட்பவர்களுக்கெல்லாம் இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

யாருடைய படத்தைப் பார்த்து ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 1996இல் பாசின் என்ற ஆய்வாளரின் குழுவினர் எடைப்பயிற்சி அனுபவமுள்ள 43 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்துப் பத்து வாரம் கவனித்தார்கள். மருந்தில்லாமல் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பல்லாத உடல் எடை ஏறக்குறைய 2 கிலோ கூடியது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3.2 கிலோ. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. வியர்வை சிந்தியவரைவிட, உட்கார்ந்தபடியே ஊசி போட்டுக்கொண்டவருக்கு அதிகம். ‘பன்னிரண்டு வாரத்தில் மாற்றம்’ என்று வரும் படங்களில் எது எந்த வகை என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தப் படங்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு உங்கள் நான்கு மாத உழைப்பைத் தோல்வி என்று தீர்மானித்துவிடாதீர்கள்.

இப்போது டப்பாக்கள். புரதப் பொடி மருந்தல்ல, உணவு. பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம், அவ்வளவுதான். 49 ஆய்வுகளையும் 1,863 பேரையும் சேர்த்து 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, எடைப்பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராம் புரதம்வரை பலன் கூடுகிறது, அதற்கு மேல் கூடுவதாகத் தெரியவில்லை. அந்த எண்ணைச் சுற்றிய ஐயத்தின் எல்லை 1.0 முதல் 2.2 வரை அகலமானது, எனவே கிராம் கணக்கில் கவலைப்பட வேண்டாம். உங்களுக்கு நாளொன்றுக்கு 115 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். முட்டை, பால், மீன், இறைச்சி, பயறு வகைகளில் அது வந்துவிட்டால் பொடி தேவையே இல்லை; வரவில்லை என்றால் பொடி ஒரு வசதி. அதே தொகுப்பாய்வில் கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்கு எடுக்காதவர்களைவிட அதிகமாகக் கிடைத்த கொழுப்பல்லாத எடை சராசரியாக 0.3 கிலோ. பயிற்சியே கொடுத்ததோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்கு. பயிற்சி முடிந்த அரைமணி நேரத்துக்குள் குடித்தே ஆக வேண்டும் என்று உங்களை ஓடவைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டம் வேண்டாம், நாள் முழுதும் சேரும் மொத்த அளவுதான் முக்கியம்.

கிரியேட்டினைத் தொடருங்கள். ஐந்தில் உண்மையாகவே வேலை செய்வதாகப் பலமுறை நிரூபிக்கப்பட்டது இதுதான். சில வினாடிகள் மட்டும் நீடிக்கும் கடும் முயற்சிக்குத் தசை உடனடி ஆற்றலை மீட்டெடுக்கும் கையிருப்பு அது. அந்தக் கையிருப்பு நிறைவாக இருந்தால் ஒரு செட்டில் ஒன்றிரண்டு முறை கூடுதலாக வரும், அந்த ஒன்றிரண்டு மாதக்கணக்கில் சேரும். ஆனால் பாருங்கள், பத்தில் நிறுத்திவிடுகிறவருக்கு அந்தக் கூடுதல் ஒன்றிரண்டு எங்கே போய்ச் சேரும்? வேலை செய்யும் பொடிக்கும் நீங்கள் வேலை கொடுக்கவில்லை. மோனோஹைட்ரேட் வகை, நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரத்தில் 20 கிராம் வீதம் எடுத்தால் கையிருப்பு சீக்கிரம் நிறையும், 3 கிராம் வீதம் எடுத்தாலும் நான்கு வாரத்தில் அதே அளவை எட்டிவிடும் என்பது 1996லேயே காட்டப்பட்டது. எடை ஒரு கிலோ கூடினால் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் தசைக்குள் சேரும் நீர்.

முடி கொட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த அச்சத்தின் வேர் 2009இல் 20 ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரே ஆய்வு. அதில் முடி உதிர்வோடு தொடர்புள்ள டிஹெச்டி என்ற ஹார்மோன் கூடியது, ஆனால் முடியை யாரும் அளக்கவில்லை. 2025இல் முடியையே நேரடியாக அளந்து 12 வாரம் நடந்த ஆய்வில் வேறுபாடு காணப்படவில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வு இதில் இல்லை என்பதால் இதை ‘ஏறக்குறைய இல்லை’ என்ற இடத்தில் வைக்கிறேன். சிறுநீரகம் பற்றி ஒன்று. ஆரோக்கியமானவர்களுக்கு, சொன்ன அளவில், தீங்கு காணப்படவில்லை. ஆனால் கிரியேட்டின் எடுப்பவரின் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனையில் பார்க்கும் ஒரு கழிவுப்பொருள்) சற்று உயர்ந்து தெரியலாம், சிறுநீரகம் பழுது என்று அது தவறாகத் தோன்றலாம். பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் சிஸ்டாட்டின் சி என்ற மாற்றுச் சோதனையைப் பார்க்கச் சொல்வார். ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்தால் என் பேச்சைக் கேட்டு எதையும் எடுக்காதீர்கள், மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடியில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபீன். உடல் எடையின் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் எடுத்தால் உழைப்பு சற்றுக் கூடும் என்பதில் ஐயமில்லை. உடம்பு ஊர்வது போலத் தோன்றுவது அந்தப் பொடிகளில் சேர்க்கப்படும் பீட்டா அலனைன் என்ற அமினோ அமிலம் காரணமாக, அது ஆபத்தில்லை. உங்கள் வகைப் பயிற்சிக்கு அதனால் பெரிய பலனும் இல்லை. உங்கள் விஷயத்தில் என் கவலை நேரத்தைப் பற்றியது. படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்தது என்று 2013இல் அளந்திருக்கிறார்கள். நீங்கள் மாலை ஏழு மணிக்குக் குடிக்கிறீர்கள், இரவு தூக்கமில்லை என்றும் எழுதுகிறீர்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய வழி எளிது: இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். தூக்கம் திரும்பினால் அது எந்தப் பொடியையும்விட அதிகம் தரும்.

பிசிஏஏ வேண்டாம். தசையைக் கட்ட ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் வேண்டும், அதில் மூன்று மட்டும் இருக்கும் டப்பா அது. போதிய புரதம் சாப்பிடுபவருக்கு அந்த மூன்றும் உணவிலேயே வந்துவிடுகின்றன.

டெஸ்டோஸ்டிரோன் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இவற்றில் வழக்கமாகச் சேர்க்கப்படும் நெருஞ்சில் சாறு ஆரோக்கியமான ஆண்களுக்கு அந்த ஹார்மோனைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வேலை செய்யவில்லை என்பதைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது, அட்டையில் எழுதாதது உள்ளே இருக்கலாம் என்பது. 13 நாடுகளில் வாங்கிய, ஹார்மோன் எதுவும் இல்லை என்று விற்கப்பட்ட 634 துணைப்பொருட்களைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 94இல், அதாவது 14.8 சதவீதத்தில், அட்டையில் சொல்லாத ஹார்மோன் சார்ந்த பொருட்கள் இருந்தன. இருபது ஆண்டுக்கு முந்தைய எண் அது, இன்றைய நிலைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எதை வாங்கினாலும் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்எஸ்எஃப் போன்ற வெளி அமைப்புகளின் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்த சோர்வு, ஆர்வக்குறைவு போன்ற அறிகுறிகள் இருந்தால் மாத்திரைக்குப் பதிலாகக் காலையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த இரண்டு வாரம். ‘எல்லாம் போய்விட்டது’ என்று எழுதியிருந்தீர்கள். போகவில்லை. ஜப்பானில் இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழு 24 வாரம் விடாமல் பயிற்சி செய்தது. இன்னொரு குழு ஆறு வாரம் செய்து மூன்று வாரம் ஓய்வு என்று மாறி மாறிச் செய்தது. முடிவில் இரு குழுவுக்கும் தசையும் வலிமையும் ஏறக்குறைய ஒரே அளவு. சிறிய ஆய்வுதான், வயதும் உங்களுக்கு ஒத்தது அல்ல. என்றாலும் இடைவெளி விட்டுத் திரும்பியவர்களிடம் நான் பார்த்துவருவதும் அதுவே. பழக்கத்தைப் பற்றியும் 21 நாள் கணக்கை நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் அளவுக்குப் பழக எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள்வரை கணிக்கப்பட்டது. உடற்பயிற்சிக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் நாள் பிடித்தது. ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு எதுவும் வரவில்லை. மனஉறுதி என்று தனியாக ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். எண்கள் ஏறுவதைக் கண்ணால் பார்ப்பவர்கள் திரும்பி வருகிறார்கள் என்பது என் அனுபவம். ஆய்வு என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை, ஆனால் 17 ஆண்டாக இதைத்தான் பார்க்கிறேன்.

திரும்பிப் போகும் முதல் நாள் 35 கிலோவில், இரண்டு செட்டோடு நிறுத்துங்கள். இரண்டாவது வாரத்தில் 40 கிலோ, மூன்று செட். உங்கள் குறிப்பேட்டில் எடை, செட், முறை என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு செட்டும் முடிந்த உடனே, மூச்சு அடங்குவதற்குள், ‘இன்னும் எத்தனை முறை முடிந்திருக்கும்?’ என்பதை எழுதுங்கள். தொடக்கத்தில் அந்த எண் தவறாகத்தான் இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை, ஏதேனும் ஒரு இயந்திரப் பயிற்சியின் கடைசி செட்டில், பாதுகாப்பாக முடிந்த மட்டும் போய் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்து அந்தப் பக்கங்களை அப்படியே இங்கே எழுதுங்கள். நான்காவது கட்டத்தில் ஒன்று முதல் மூன்று என்று இருந்தும் முதல் கட்டம் நகரவில்லை என்றால், உணவையும் தூக்கத்தையும் பயிற்சி முறையையும் வரி வரியாகச் சேர்ந்தே பார்ப்போம்.